பாப்பம் தம்பி

ஒட்டுசுட்டானிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. முன்னால் தகரத் தாழ்வாரம், வாசலில் வாழைக்குலை, உள்ளே ஒரு மேசை, மேசை லாச்சிக்குள் ஒரு சீ.ஆர். கொப்பி. அந்தக் கடை அக்கா ஒருநாள் அந்தக் கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார்.

ஊருக்குக் கொடுத்த கடன் கணக்கு அது. முதல் நிரலில் ஆளின் அடையாளம்: ‘ரக்ரர் தம்பி’, ‘வளவுக்கார ஐயா’, ‘சின்னவளின்ர தாய்’. அடுத்ததில் தொகை. மூன்றாவது நிரல் திகதிக்கென்று அடிமட்டம் வைத்துக் கோடு போட்டது. அதில் ஒரு திகதிகூட இல்லை. ‘வெட்டு முடிய’, ‘கரைவலை தொடங்க’, ‘மகன் காசு போட’, ‘சமுர்த்தி’ என்றுதான் எழுதியிருந்தது. ஓரிடத்தில் வெறுமனே ‘பாவம்’ என்று இருந்தது. அதற்கு அர்த்தம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

“இதில எங்க தம்பி முப்பதாந்திகதி இருக்கு?” என்று கேட்டார்.

அப்போது நான் ஒரு கொம்பனியின் வன்னிப் பகுதி விற்பனைக்குப் பொறுப்பானவன். பிஸ்கட், சவர்க்காரம், நூடில்ஸ் இப்படிச் சில்லறைக் கடையில் விற்கும் சாமான்கள். எனக்குக் கீழே ஐந்து ரெப்மார், அதாவது கடை கடையாகப் போகும் விற்பனைப் பிரதிநிதிகள். எனக்கு மேலே கொழும்பில் ஒரு குளிர் அறை, அங்கே ஒரு பெரிய திரை, அந்தத் திரையில் மாதக் கடைசியில் சிவப்பாகவோ பச்சையாகவோ மாறும் என் ஏரியா. அந்த அக்காவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கொப்பியைப் பார்க்க நான் போய்ச் சேர்ந்ததே ஒரு பிழைக்குப் பிறகுதான்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் ரெப்பாகச் சேர்ந்தது 2011இல். சண்டை முடிந்து இரண்டு வருசம். ஏ9 வீதி திறந்து, சங்குப்பிட்டிப் பாலம் அந்த வருசம் தையில் திறந்து, சனம் துண்டு துண்டாகத் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், நான் விற்கத் தொடங்கியபோது என் வாடிக்கையாளரில் ஒரு பகுதி இன்னும் கூடாரத்துக்குள் இருந்தது விளங்கும். யூ.என்.எச்.சீ.ஆர். தறப்பாளை இழுத்துக் கட்டி, நாலு பலகையில் சாமான் அடுக்கி, ‘கடை’ என்று சொன்ன இடங்களுக்கெல்லாம் போனேன். போன மாதம் இல்லாத கடை இந்த மாதம் இருக்கும். போன வருசம் சைபர், இந்த வருசம் நூறு பெட்டி. மேலிடத்தில் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கேடயமும் தந்தார்கள். சனம் ஊருக்குத் திரும்பியதற்கு எனக்குக் கேடயம் கிடைத்தது என்று இப்போது சொல்வேன். அப்போது அது என் கெட்டித்தனம் என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் 2016இல் ஏரியாவைப் பொறுப்பெடுத்தேன்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி நான் களைத்துப்போன ஒரு கணக்கு இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் 92 ஆயிரம் சொச்சம் பேர், பரப்பு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்தில் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர், பரப்பு 1,000 சொச்சம். யாழ்ப்பாணத்து ரெப் ஒரு சந்தியில் மோட்டச்சைக்கிளை நிற்பாட்டினால் இறங்கி நடந்தே எட்டுக் கடை முடிப்பான். முல்லைத்தீவுப் பெடியன் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் ஒரு காடும் ஒரு குளக்கட்டும் தாண்ட வேண்டும். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை கடை, இத்தனை பில் என்று ஒரே எண்ணிக்கை. பெற்றோல் காசும் ஒன்றே.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன்.

2017 தை மாதம். நான் பொறுப்பெடுத்து முதல் காலபோக அறுவடை, மாரி மழையை நம்பி விதைக்கும் நெல், வரப்போகிறது. மாசி, பங்குனியில் நெல்லு வெட்டி வித்த காசு கடைகளுக்கு வரும் என்பது வன்னியில் விற்கிற எவனுக்கும் தெரியும். தை 28ஆம் திகதி மாத விற்பனை இலக்குக்கு இன்னும் கொஞ்சம் குறை. கொழும்பிலிருந்து அழைப்பு: “ஒரு ஸ்கீம் போடுறம், பன்னிரண்டுக்கு இரண்டு, லோட் பண்ணுங்கோ.” பன்னிரண்டு எடுத்தால் இரண்டு இலவசம். பிஸ்கட். எக்ஸ்பயரிக்கு நாலு மாதம்தான் மிச்சம். ஸ்கீம் சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று கீழே ஒரு வரி.

விற்பனை உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: கொம்பனியிலிருந்து விநியோகஸ்தரின் ஸ்டோருக்குப் போவது ஒரு விற்பனை. ஸ்டோரிலிருந்து கடைக்குப் போவது இன்னொரு விற்பனை. கடையிலிருந்து ஒரு பிள்ளையின் கைக்குப் போவதுதான் உண்மையான விற்பனை. அந்தக் கடைசி விற்பனையை எந்தத் திரையும் காட்டாது. ஆகவே மாதக் கடைசியில் சாமானை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிட்டு அதை வளர்ச்சி என்று எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் செய்வது. நானும் செய்தேன்.

முல்லைத்தீவுப் பக்கம் பார்த்த தம்பியிடம் 45 பெட்டி கொடுத்தேன். “அண்ணை, இந்த முறை வயலெல்லாம் காஞ்சு கிடக்கு” என்றான். காலைக் கூட்டத்தில், மற்ற நாலு பேருக்கு முன்னால் கேட்டேன்: “நீ பிஸ்கட் விக்கிறியா, வயல் பாக்கிறியா?” எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. வரும் காசைப் பற்றி எனக்குத் தேவையான ஒரே தகவலை அவன் அன்று கொண்டுவந்திருந்தான். நான் அதைப் பகிடியாக்கி விட்டேன். அதற்குப் பிறகு அவன் மட்டுமில்லை, மற்ற நாலு பேரும் வயலைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை.

அந்தக் காலபோகம் மழை பொய்த்தது. நாடு முழுக்க வறட்சி. நெல்லே இல்லாத இடத்தில் நெல்லுக் காசு எங்கே வரும்? 45 பெட்டியும் அந்தத் தம்பியின் முகத்துக்காகக் கடைக்காரர் எடுத்தவை. ஒட்டுசுட்டான் பக்கத்து அக்கா மட்டும் 12 பெட்டி. வைகாசியில் பெரும்பகுதி அப்படியே திரும்பி வந்தது. கொம்பனி எடுக்காது, ஸ்டோர்க்காரரும் எடுக்க மாட்டார். அவன் கடைக்காரர்களோடு வாதாடவில்லை. பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, பில்லைத் தன் கணக்கில் போட்டான். மூன்று மாதம் சம்பளத்தில் வெட்டு.

எனக்கு இது தெரியவந்தது ஆவணியில். சம்பள வெட்டுக்கு மேலதிகாரி ஒப்பம் வேண்டும். அந்தக் கடிதத்தில் கையெழுத்து இருந்தது, என்னுடையது. படிக்காமல் வைத்த கையெழுத்து. கடிதத்தைக் கண்டு நான் அவனுக்கு அழைப்பு எடுத்தபோது அவன் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தான். “நாளைக்கு வரமாட்டன் அண்ணை. பைக் திறப்பு ஸ்டோர்ல குடுத்திட்டன்.” வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை அவனுடைய றூட்டை நானே ஓடினேன். ஆள் இல்லை, வேறு வழியில்லை. அப்போதுதான் அந்த அக்கா கொப்பியை விரித்தார்.

அந்த ஒரு மாதத்தில் படித்ததை எந்தப் பயிற்சி வகுப்பிலும் படிக்கவில்லை. பயிற்சி வகுப்பென்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள், பாதி ஆங்கிலம் பாதி சிங்களம். வாடிக்கையாளர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் அதை எப்படி ‘ஓம்’ ஆக்குவது என்று ஒரு முழு நாள் பாடம். எனக்குச் சிரிப்பு வந்தது. வன்னியில் எந்தக் கடைக்காரர் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்? கதிரை இழுத்துப் போட்டு, வெறுந்தேத்தண்ணி ஊத்தித் தந்து, “பாப்பம் தம்பி” என்பார்கள். ‘பாப்பம்’ என்றால் வேண்டாம். “பிறகு வாங்கோவன்” என்றால் காசு இல்லை, ஆனால் உன்னைப் பிடிச்சிருக்கு. “மகனிட்டக் கேட்டுச் சொல்லுறன்” என்றால் போட்டிக் கொம்பனிக்காரன் நேற்று வந்திட்டான். இவற்றுக்கெல்லாம் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது “வைச்சிட்டுப் போங்கோ” என்பதற்கு. விலை கேட்கவில்லை, எண்ணிக்கை பார்க்கவில்லை, வைச்சிட்டுப் போகச் சொல்கிறார் என்றால், அதற்குக் காசு தரும் யோசனை அவரிடம் இல்லை. புது ரெப் அந்தச் சொல்லைக் கேட்டுத் துள்ளிக் குதிப்பான். அந்த 45 பெட்டியில் முக்கால்வாசி ‘வைச்சிட்டுப் போங்கோ’வில் போனதுதான்.

கிளிநொச்சி ஸ்டோர் சுவரில் ஒரு பெரிய காகிதம் ஒட்டினேன். பன்னிரண்டு மாதம், ஊர் ஊராக. எந்த ஊரில் எப்போது காசு புழங்கும் என்பதை ரெப்மாரே எழுத வேண்டும். முதல் இரண்டு கிழமை யாரும் எழுதவில்லை. பகிடி பண்ணினவன் போட்ட காகிதத்தில் எவன் எழுதுவான்? பிறகு ஒருவன் ‘வற்றாப்பளை’ என்று வைகாசியில் எழுதினான். கண்ணகை அம்மன் பொங்கலுக்கு முல்லைத்தீவே நிரம்பும், அந்தக் கிழமை அந்தப் பக்கத்துக் கடைகளில் ஒரு பெட்டிக்கு நாலு பெட்டி போகும். இன்னொருவன் ஆடியிலும் ஆவணியிலும் மடு மாதா திருவிழாவை எழுதினான். பிறகு ஓடத் தொடங்கியது. இரணைமடுக் குளத்துக்குக் கீழே சிறுபோகம், அதாவது குளத்துத் தண்ணியில் செய்யும் கோடை நெல், எவ்வளவு ஏக்கர் விதைக்க விடுகிறார்கள் என்பது கூட்டத்தில் முடிவானதும் சுவருக்கு வந்துவிடும். கார்த்திகை, மார்கழியில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளிக்கும், தொழில் இல்லை, அந்தக் கரையோரம் கடன் கொடுக்காதே. இப்படி.

அதில் எனக்கு அடியோடு தெரியாமல் இருந்தது ‘லோன் நாள்’. கிராமத்துக்குக் கிராமம் நுண்கடன் கொம்பனிக்காரர் வந்து குந்தும் கிழமைநாள் ஒன்று உண்டு. அன்றைக்குப் பெண்கள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடித் தவணை கட்டுவார்கள். அன்றும் அதற்கு முதல் நாளும் கடையில் ஒரு தீப்பெட்டிகூட விற்காது. காசெல்லாம் தவணைக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். எங்கள் றூட் அட்டவணையில் மூன்று ஊருக்கு நாங்கள் சரியாக அந்த நாளில்தான் போய்க்கொண்டிருந்தோம், வருசக் கணக்காக. அந்தக் கடன் எவ்வளவு தூரம் கழுத்தை இறுக்கியதென்றால், 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய இறங்கி வந்தது. வன்னி மாவட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நாங்கள் செய்தது சின்ன வேலை. கிழமைநாளை மாற்றினோம். விற்பனை கூடியது. அதை யாரும் கேடயம் தந்து கொண்டாடவில்லை.

பெரிய சண்டை மேலிடத்தோடு. என் கேள்வி இலகுவானது. வருச மொத்தத்தைக் குறைக்க வேண்டாம், மாதப் பங்கை மட்டும் மாற்றித் தாருங்கோ. மாசி முதல் சித்திரை வரை கூட்டுங்கோ, ஆவணி புரட்டாசியில் கூட்டுங்கோ, கார்த்திகை மார்கழியில் விடுங்கோ. “எல்லா ஏரியாவுக்கும் ஒரே சிஸ்ரம்” என்று பதில் வந்தது. சுவர்க் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஒருவர் அதைக் கோயில் காலண்டர் என்று நினைத்தாராம். ஒரு வருசம் இழுபட்டு, கடைசியில் பாதி கிடைத்தது: மாதப் பங்கை நானே பிரிக்கலாம், காலாண்டுக் கணக்குத் தவறினால் என்னுடைய போனஸ் போகும், ரெப்மாருடையது போகாது. கையெழுத்து வைத்தேன், இந்த முறை படித்துவிட்டு.

முதல் காலாண்டே தவறியது. 2018 மார்கழி 21 இரவு கொட்டிய மழையில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் வெள்ளத்தில். கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ரெப்மார் பில் புத்தகத்தை வைத்துவிட்டு, ஸ்டோர் லொறியில் பாணும் தண்ணீர்ப் போத்தலும் ஏற்றிக்கொண்டு பாடசாலைகளுக்குப் போனார்கள். நான் தடுக்கவில்லை. என் போனஸ் போனது. வீட்டில் மனுசி கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை.

பிறகு வந்ததெல்லாம் வரிசையாக அடி. கொரோனா. 2021 மேயில் இரசாயன உர இறக்குமதித் தடை. நவம்பரில் எடுத்தார்கள், ஆனால் காலபோகம் விதைத்து முடிகிற நேரம் அது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட, 200 ரூபாச் சொச்சத்தில் நின்ற டொலர் இரண்டு மாதத்தில் 360ஐத் தொட்டது. விலைப் பட்டியல் வட்ஸ்அப்பில் காலையில் ஒன்று வரும், பின்னேரம் இன்னொன்று வரும். செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 வீதம். இந்த எண்ணைவிட எனக்கு ஞாபகத்தில் நிற்பது வேறு: ஒட்டுசுட்டான் அக்கா நீளச் சவர்க்காரக் கட்டியை நூலால் நாலு துண்டாக அறுத்து, துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை பல்லில், மறுமுனை கையில். அறுத்த துண்டுகளைத் தராசில் போட்டுப் பார்த்து, கூடியதைச் சீவிக் குறைந்ததோடு ஒட்டினார்.

பழைய விலைச் சாமான் ஸ்டோரில் கிடந்தால், புது விலை வரும்வரை பூட்டி வைத்தால் ஒரே இரவில் இலாபம். அந்த யோசனை மேலிருந்தும் வந்தது, பக்கத்திலிருந்தும் வந்தது. நாங்கள் பூட்டவில்லை. இது தர்மம் என்று நான் மார்தட்ட மாட்டேன். தங்கள் ஊரில், தங்கள் முகத்தைக் காட்டி விற்கும் பெடியள் அவங்கள். “ஸ்டொக் இல்லை” என்று பொய் சொல்லச் சொன்னால், அடுத்த மாதம் அந்தக் கடை வாசலை மிதிப்பது நானில்லை, அவன். கடைக்கு இரண்டு பெட்டி என்று பங்கு போட்டோம். குறைந்த இலாபத்துக்கு ஸ்டோர்க்காரர் என்னோடு மூன்று மாதம் சரியாக முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த 2022 ஆடியில் பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்தது. மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு ஏ35 வழியே போகவே ஐம்பது கிலோமீற்றருக்கு மேல், குறுக்குத் தெருக்கள் வேறு. என்ன செய்யலாம் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, வழியைக் கண்டுபிடித்தது ஆகச் சின்னப் பெடியன். கடைக்காரர் குரல் பதிவில் ஓடர் அனுப்ப வேண்டும். சாமானை மங்குளம் சந்தியில் தனியார் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். கண்டக்டருக்குப் பெட்டிக்கு ஒரு தொகை. காசு திரும்பும் பஸ்ஸில் கடித உறையில் வரும். பில்லும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கொம்பனிச் சட்டப்படி அத்தனையும் குற்றம். அந்த நாலு மாதத்தில் ஓர் உறைகூடக் குறைந்து வரவில்லை. தேத்தண்ணி குடித்துக் குடித்துப் பழகிய பத்து வருசம் அந்த உறைகளுக்குள் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது ரெப்மார் கையில் ரப், பில் அடிக்கும் கைக்கணினி, இருக்கிறது. வரைபடத்தில் ஒவ்வொருவனும் ஒரு பச்சைப் புள்ளி. கடைக்கு ஐம்பது மீற்றருக்குள் நின்றால்தான் பில் அடிக்கலாம். நல்ல ஏற்பாடு, பொய் பில் ஒழிந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நெடுங்கேணிக்கு உள்ளே சிக்னல் வேண்டுமென்றால் குளக்கட்டில் ஏறி, மருதமரத்தடியில் நிற்க வேண்டும். கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை அழைப்பு எடுத்துக் கேட்டது: “உங்கட ரெப் ஒராள் நாற்பது நிமிசமா ஒரு குளத்துக்குப் பக்கத்தில நிக்கிறார், குளிக்கிறாரா?” அவன் ஏழு கடை பில்லை ஏற்றிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து யாருடைய புள்ளி அசையாமல் நின்றாலும் நான் முதலில் அவனுக்குத்தான் அழைப்பு எடுப்பேன், “சாப்பிட்டியா?” என்று. பிறகு கொழும்புக்குப் பதில் சொல்வேன்.

போன மாதம் மல்லாவிப் பக்கம் போனேன். பைக் திறப்பை ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் போன அந்தத் தம்பி அங்கே கடை போட்டிருக்கிறான். நல்ல கடை, குளிர்ப்பெட்டி இரண்டு, மேசையில் சீ.ஆர். கொப்பி. கதிரை இழுத்துப் போட்டான். வெறுந்தேத்தண்ணி வந்தது, சீனி வேறாக. ஏழெட்டு வருசத்துக் கதை. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன், ஆனால் எங்கே தொடங்குவதென்று தெரியாமல், வாய்ப் பழக்கத்தில் புது நூடில்ஸ் பக்கெட்டை மேசையில் வைத்து, “பன்னிரண்டுக்கு ஒண்டு ஸ்கீம் இருக்கு” என்றேன்.

பக்கெட்டைத் திருப்பி எக்ஸ்பயரியைப் பார்த்தான். பிறகு சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

“இண்டைக்கு இருபத்தெட்டு என்ன அண்ணை?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். “பாப்பம்.”